சூட்டுக்கு ஒரு வாசல்

சென்ற அத்தியாயத்தில் ரேக்கில் விளக்குகளை மாட்டி முடித்தோம். ஆறடிக்கு ஐந்தடி ஸ்டோர் ரூம், நான்கு தட்டு, தட்டுக்கு 60 வாட் எல்இடி, கீழே தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன பம்ப். முதல் நாள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கதவைச் சாத்திவிட்டுப் போய் நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். லெட்யூஸ் நாற்று தலை தொங்கிக் கிடக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். குறை தண்ணீரில் இல்லை, காற்றில்.

விளக்கு வாங்கும்போது பத்துக் கடை ஏறி இறங்குகிறவர்கள், காற்றைப் பற்றிச் செடி வாடிய பிறகுதான் யோசிக்கிறார்கள். யோசித்த மாத்திரத்தில் ஏசி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் ஏசி கடைசிப் பகுதிகளில்தான் வரும். சூட்டைக் குறைப்பது, நேரத்தை மாற்றுவது, வெளியேற்றுவது, உள்ளே காற்றை அசைப்பது, அதன் பிறகும் தேவைப்பட்டால் குளிரூட்டுவது. இந்த வரிசையை மாற்றினால் மின்கட்டணம்தான் ஏறும், அறை குளிராது.

தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இரண்டே

முதல் கணக்கு: அறைக்குள் எரிகிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. “எல்இடி சூடாகாது” என்று கடைக்காரர் சொல்வதில் பாதிதான் உண்மை. பழைய சோடியம் விளக்கு அனலை நேராக இலைமீது வீசும். எல்இடியில் சூடு பெரும்பாலும் அதன் முதுகுப்பக்கம் போகிறது. அதே வெளிச்சத்துக்குக் குறைந்த வாட் போதும் என்பதும் சரிதான். ஆனால் 300 வாட் என்றால் எந்த விளக்கானாலும் அறைக்குச் சேர்வது 300 வாட் சூடு. அதில் ஒரு பங்கைச் செடி தன் இலையிலிருந்து நீரை ஆவியாக்கச் செலவழிக்கும். அந்த ஆவி ஈரமாக அறையில் தங்கும். சூடாக வந்தாலும் ஈரமாக வந்தாலும் வெளியேற்றும் வேலை நம்முடையது.

இரண்டாவது கணக்கு: எவ்வளவு பெரிய ஃபேன் வேண்டும் என்பது.

வாட் × 3 ÷ நீங்கள் பொறுத்துக்கொள்ளும் வெப்ப உயர்வு (டிகிரியில்) = ஒரு மணி நேரத்துக்கு வெளியேற்ற வேண்டிய காற்று (கன மீட்டரில்)

நம் ஸ்டோர் ரூமில் நான்கு விளக்கு, பம்ப், சின்ன ஃபேன் எல்லாம் சேர்த்து 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். 3 டிகிரி உயர்வு மட்டும் அனுமதித்தால் 300 கன மீட்டர். 5 டிகிரி வரை பரவாயில்லை என்றால் 180 போதும். பெட்டியில் சிஎஃப்எம் என்று போட்டிருந்தால் அதை 1.7ஆல் பெருக்குங்கள், கன மீட்டர் கிடைக்கும். அறையின் கொள்ளளவைப் பார்த்து ஃபேன் வாங்கச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. பலத்த விளக்கு இருக்கும் இடத்தில் அது உதவாது. அறை சின்னதென்று விளக்கு தன் சூட்டைக் குறைத்துக்கொள்ளாது.

உயர்வு என்று சொன்னது உள்ளே வருகிற காற்றின் சூட்டுக்கு மேல் ஏறும் உயர்வு. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வருகிற காற்று 38 டிகிரி என்றால் எத்தனை பெரிய ஃபேன் போட்டாலும் அறை 38க்குக் கீழே இறங்காது.

எந்தச் செடி, எந்த மாதம்

லெட்யூஸ் 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும். 28ஐத் தாண்டினால் கசக்கத் தொடங்கும், தண்டு நீண்டு பூவுக்குப் போகும். மைக்ரோகிரீன்ஸ் 20 முதல் 26 வரை. பேசில் 30 வரை தாங்கும். நம் தண்டுக்கீரைக்கு 30க்கு மேலும் கவலையில்லை.

இதைச் சென்னை வானிலையோடு வைத்துப் பாருங்கள். ஜனவரி இரவில் வெளியே 22 டிகிரி போல இருக்கும். 3 டிகிரி உயர்ந்தாலும் 25. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றே போதும். மே மாதத்தில் விடியற்காலையிலேயே 28. ஃபேனை மட்டும் நம்பினால் லெட்யூஸுக்கு 31 டிகிரிதான் கிடைக்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் ஏசிப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்குப் பெரிய தலைவலி ஈரம்தான்.

என் யோசனையைக் கேட்டால், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சமவெளியில் லெட்யூஸை விட்டுவிட்டு அதே ரேக்கில் பேசிலும் கீரையும் போடுங்கள். ஒரு கட்டு லெட்யூஸுக்காக ராத்திரி முழுக்க ஏசி ஓட்டினால், அந்தக் காசில் கடையில் நான்கு கட்டு வாங்கலாம். விற்பனைக்காக வளர்ப்பவர்கள் வேறு கணக்குப் போடுவார்கள். வீட்டுத் தேவைக்கு இது போதும்.

முதல் வேலை: சூட்டை உருவாகும் இடத்திலேயே குறைப்பது

1. உண்மையான வாட்டை அளந்து பாருங்கள். விளக்குப் பெட்டியில் “1000 வாட்” என்று பெரிதாகப் போட்டிருக்கும். பிளக்கில் செருகும் வாட் மீட்டரில் பார்த்தால் 110 காட்டும். கணக்குக்கு மீட்டர் சொல்வதுதான் சரி.

2. வெளிச்சத்தைக் குறைத்து நேரத்தை நீட்டுங்கள். டிம்மர் உள்ள விளக்கானால் 300 வாட்டில் 12 மணி நேரம் எரிப்பதும் 225 வாட்டில் 16 மணி நேரம் எரிப்பதும் செடிக்கு ஏறக்குறைய ஒரே உணவுதான். மின்கட்டணமும் ஒன்றுதான். ஆனால் ஃபேன் சமாளிக்க வேண்டிய சூடு கால்பங்கு குறைந்துவிடும். காசு செலவில்லாத குளிரூட்டல் இதுதான், ஆனால் இதைச் செய்கிறவர்களைப் பார்ப்பது அரிது.

3. விளக்கை ராத்திரிக்கு மாற்றுங்கள். மாலை 6 மணிக்குப் போட்டுக் காலை 10 மணிக்கு அணைக்கும்படி டைமரை வையுங்கள். செடிக்கு நம் பகலும் இரவும் தெரியாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடானாலும், மேற்குச் சுவரை ஒட்டிய அறையானாலும் 6 மணி சரிவராது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தன் சூட்டை அந்த நேரத்தில்தான் உள்ளே விடும். இரவு 9 அல்லது 10 மணிக்குத் தொடங்கி, மொத்த நேரத்தில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

4. டிரைவரை வெளியே வையுங்கள். எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பது டிரைவர். பெரிய பேனல் விளக்குகளில் அது தனிப் பெட்டியாக இருக்கும். வாங்குகிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை அதிலேயே சூடாகப் போகும். கழற்றி மாட்டும்படி கம்பெனி வடிவமைத்திருந்தால் மட்டும் அறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் மாட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ட்யூப் வடிவ விளக்கில் டிரைவர் உள்ளேயே இருக்கும், அதை நோண்டாதீர்கள்.

5. பம்பைச் சின்னதாக்குங்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்பின் சூடு முழுவதும் தண்ணீருக்கே போகும். நான்கு தட்டுக்கு 40 வாட் பம்ப் அதிகம்.

இரண்டாவது வேலை: காற்றுக்கு ஒரு வழி, ஒரே வழி

காற்று ஓரிடத்தில் நுழைந்து, செடிகளின் ஊடே போய், இன்னோரிடத்தில் வெளியேற வேண்டும். கேட்க எளிது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு: காற்று நுழைகிற ஓட்டையும் ஃபேனும் ஒரே சுவரில் ஓரடி இடைவெளியில் இருக்கும். புதுக்காற்று நுழைந்த உடனே ஃபேன் அதை இழுத்து வெளியே தள்ளிவிடும். ரேக்கின் மறுகோடியில் சூடு அசையாமல் நிற்கும்.

மாட்டும் வரிசை:

1. ஃபேனுக்கு இடம் குறியுங்கள். கூரைக்கு அரையடி கீழே, வெளிச்சுவரில். சூடான காற்று அங்கேதான் சேரும். வெண்டிலேட்டர் இருந்தால் அதிலேயே பொருத்தலாம், சுவரை உடைக்க வேண்டியதில்லை.

2. காற்று நுழையும் வழியைக் குறுக்குக் கோடியில், தரையை ஒட்டி வையுங்கள். பெரும்பாலும் அது கதவின் அடிப்பாகமாக இருக்கும். தச்சரிடம் சொல்லி லூவர் வெட்டிக்கொள்ளுங்கள்.

3. நுழைவு வழியின் பரப்பு ஃபேனின் வாயைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். 6 அங்குல ஃபேனின் வாய் 28 சதுர அங்குலம். கதவில் 10க்கு 8 அங்குல லூவர் வைத்தால் 80 சதுர அங்குலம். கொசுவலை அடித்தால் காற்று பாதியாகும், அதற்கேற்பப் பெரிதாக்குங்கள். வலை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். பூச்சிகள் உள்ளே வந்தால் அவற்றை விரட்டும் பாடு பெரிய பாடு.

4. ஃபேனைத் தேர்ந்தெடுங்கள். சுவரில் நேராகப் பொருத்துவதானால் சாதாரண 6 அங்குல எக்ஸாஸ்ட் போதும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது, அதனால் கணக்கில் வந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பார்த்து வாங்குங்கள். டக்ட் வழியாகத் தள்ள வேண்டுமானால் இந்த ஃபேன் திணறும். டக்ட்டுக்கென்றே வரும் இன்லைன் ஃபேன் வாங்குங்கள்.

5. டக்ட் போட்டால் குட்டையாக, நேராக, நன்றாக இழுத்துவிட்டுப் போடுங்கள். துருத்திபோல் சுருங்கிக் கிடக்கும் டக்ட்டும் ஒவ்வொரு வளைவும் காற்றைத் தின்னும். 6 அங்குல ஃபேனில் 4 அங்குல டக்ட்டை மாட்டினால் வழி பாதிக்கும் கீழே போய்விடும்.

6. வெளிப்பக்கம் தானாக மூடும் தகடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரல் உள்ளே அடிக்காது. புறா கூடு கட்டாது. டக்ட்டை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்துப் பொருத்தினால் உள்ளே ஊறிய நீர் ஃபேன் மோட்டாருக்கு வராமல் வெளியே வடியும்.

7. ஃபேன் காற்றை வெளியே இழுக்கிறதா, உள்ளே ஊதுகிறதா என்று பாருங்கள். திருப்பி மாட்டிவிட்டு அறை ஏன் குளிரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு.

அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குளியலறைக் குழாய்கள் போகும் ஷாஃப்ட்டில் ஃபேனைத் திறந்துவிடும் ஆசை வரும். அங்கே காற்று எப்போதும் மேலேதான் போகும் என்று சொல்ல முடியாது. மேல் வீட்டுக் குளியலறை ஆவி உங்கள் கீரைக்கு வந்து சேரலாம். உங்கள் சூடு கீழ் வீட்டுக்குப் போய்ச் சண்டையும் வரலாம். வெளிச்சுவரில் ஓட்டை போடுவதானால் சங்கத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எச்சரிக்கை: கேஸ் கீஸர் உள்ள வீடுகள்

வீட்டில் கேஸ் கீஸர் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வீடு எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தால் கீஸரின் புகை போகும் வழியாகவே காற்று திரும்பி உள்ளே வரலாம். அதோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். வளர்ப்பறை எக்ஸாஸ்ட் ஓடும்போது வீட்டில் குறைந்தது ஒரு சன்னலாவது திறந்திருக்க வேண்டும். கீஸர் போடும் நேரத்தில் எக்ஸாஸ்ட்டை நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

ஊதுபத்திச் சோதனை

ஃபேன் மாட்டியதும் செய்ய வேண்டியது இது. வேறு எந்தக் கருவியும் இந்த அளவு தெளிவாகக் காட்டாது.

ஃபேனைப் போட்டு, கதவைச் சாத்தி, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு உள்ளே நில்லுங்கள். ரேக்கில் உள்ள சின்ன ஃபேன்களை நிறுத்திவிடுங்கள். முதலில் லூவருக்கு முன்னால் பத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே நன்றாகச் சாய வேண்டும். நேராக மேலே போனால் காற்று லூவரில் வரவில்லை, வேறு ஏதோ இடுக்கில் வருகிறது. கதவு நிலை, மின்பெட்டி, பழைய குழாய் ஓட்டை ஒவ்வொன்றாகக் காட்டிப் பாருங்கள். புகை பதறும் இடமெல்லாம் கசிவு. சிலிகான் வைத்து அடையுங்கள்.

பிறகு கீழ்த்தட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தட்டிலும் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று பிடியுங்கள். புகை மெல்ல ஃபேன் பக்கம் நகர வேண்டும். ஓரிடத்தில் சுருண்டு சுருண்டு அங்கேயே நின்றால் அதைச் சுண்ணக்கட்டியால் குறித்துவையுங்கள். சாம்பல் பூஞ்சை முதலில் வரப்போவது அங்கேதான். அடுத்த பகுதியில் சொல்லும் சின்ன ஃபேனின் இடமும் அதுவே.

மூன்றாவது வேலை: இலை அசைய வேண்டும்

எக்ஸாஸ்ட் அறையின் காற்றை மாற்றும். இலைக்கு அடியில் தேங்கி நிற்கும் ஈரக்காற்றை அது தொடாது. அதற்குத் தட்டுக்கு ஒரு சின்ன ஃபேன் வேண்டும். கம்ப்யூட்டரில் வருகிற 12 வோல்ட் ஃபேன் இந்த வேலைக்குப் பொருத்தம்: மின்சாரம் மூன்று நான்கு வாட்தான், குறைந்த வோல்ட் என்பதால் ஈர அறையில் ஆபத்தும் குறைவு. அடாப்டரை மட்டும் வெளியே வையுங்கள்.

எவ்வளவு காற்று என்பதற்கு இலையைப் பாருங்கள். இலை லேசாக நடுங்கினால் சரி. மடங்கிப் படபடத்தால் அதிகம். நாற்றின்மேல் நேராக ஊதாமல், விளக்குக்கும் இலைக்கும் நடுவே போகும்படி திருப்புங்கள்.

லெட்யூஸில் இதன் அவசியம் கண்ணால் தெரியும். வெளி இலைகள் பச்சையாக, திடமாக இருக்கும். நடுக் குருத்தை விரலால் விலக்கிப் பார்த்தால் பிஞ்சு இலைகளின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகியிருக்கும். உரம் போதவில்லை என்று கால்சியம் கூட்டுவார்கள். தொட்டியில் கால்சியம் இருக்கும். குருத்துக்குள் காற்று படாததால் அங்கே நீர் ஆவியாகவில்லை, ஆவியாகாததால் வேரிலிருந்து கால்சியம் அங்கே ஏறவில்லை. ஃபேனைக் குருத்தின் உயரத்துக்கு இறக்கிவைத்தால் அடுத்து வரும் இலைகள் சுத்தமாக வரும். கருகிய இலை திரும்பாது.

ஈரம்: விளக்கு அணைந்த பிறகுதான் தொல்லை

விளக்கு எரியும்வரை அறை சூடாக இருக்கும், காற்று ஈரத்தைத் தாங்கும். அணைந்ததும் சூடு இறங்கும். அதே ஈரம் இலையிலும் சுவரிலும் முத்து முத்தாக உட்காரும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

– விளக்கு அணைந்த பின் எக்ஸாஸ்ட் அரை மணி நேரமாவது ஓடட்டும். இரண்டையும் ஒரே டைமரில் போடாதீர்கள்.

– தட்டுகளுக்குத் தண்ணீர் விளக்கு எரியத் தொடங்கும்போது. அணைக்கும் நேரத்தில் வேண்டாம்.

– ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் இருக்கும்படி பாருங்கள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இரவில் வெளிக்காற்றே 80க்கு மேல் இருக்கும். அங்கே எக்ஸாஸ்ட் அறையை உலர்த்தாது. செடிகளை விலக்கி வைத்து, சின்ன ஃபேன்களை இரவும் பகலும் ஓடவிடுவதுதான் வழி.

– விளக்கை இரவில் எரிப்பவர்கள் பகலில் எக்ஸாஸ்ட்டை முழுநேரம் ஓட்டாதீர்கள். மதியம் வெளியே 38 டிகிரி இருக்கும்போது அதை நாமே உள்ளே அழைப்பது போலாகும். மணிக்குப் பத்து நிமிடம் போதும்.

தெர்மாமீட்டரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். செடியின் தலை உயரத்தில், விளக்கு நேராகப் படாதபடி ஒரு வெள்ளைக் கப்பைக் கவிழ்த்து, அதன் நிழலில் தொங்கவிடுங்கள். விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் காற்றின் சூட்டை அது காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வகையை வாங்குங்கள். நீங்கள் தூங்கும்போது நடப்பதுதான் தெரிய வேண்டும்.

ஏர் கூலர் உதவுமா?

கடலோரத்தில் உதவாது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் கூலர் சூட்டைக் குறைக்காமல் ஈரத்தை மட்டும் ஏற்றும். மதுரை, கரூர், திருச்சி போன்ற வறண்ட ஊர்களில் மார்ச் முதல் மே வரை நல்ல பலன் தரும். அங்கேயும் அறைக்குள் வைக்காதீர்கள். லூவருக்கு வெளியே வைத்து, கூலரில் குளிர்ந்த காற்றை எக்ஸாஸ்ட் இழுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். ஈரப்பதம் 75ஐத் தாண்டினால் கூலரின் தண்ணீர்ப் பம்பை நிறுத்துங்கள், காற்று மட்டும் வரட்டும்.

நான்காவது வேலை: ஏசி

எல்லாம் செய்தும் செடி கேட்கும் சூட்டுக்கு அறை இறங்கவில்லை, அதே செடிதான் வேண்டும் என்றால் ஏசி. ஒரு டன் ஏசி என்பது சுமார் 3,500 வாட் சூட்டை வெளியே தள்ளும் திறன். நம் விளக்கு 300 வாட், அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி வேலை சுவரும் கூரையும் கதவிடுக்கும் கொடுக்கிற சூட்டோடுதான். அதனால் பெரிய ஏசி வாங்குவதைவிட இடுக்குகளை அடைப்பது லாபம்.

1. சின்னதாக வாங்குங்கள். இந்த அளவு அறைக்கு முக்கால் டன் தாராளம். பெரிய ஏசி ஐந்து நிமிடத்தில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே இருக்காது. வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகை நல்லது.

2. ஏசி ஓடும்போது எக்ஸாஸ்ட்டை நிறுத்துங்கள். லூவரையும் மூடுங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டுவது குளிர்ந்த காற்றைக் காசு கொடுத்து வெளியே அனுப்புவது. நான் பார்த்த வரையில் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான்.

3. அறையை மூடினால் செடிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு குறையும். வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம். மூடிய அறையில் இலைகள் அதைச் சீக்கிரம் இழுத்துவிடும். மணிக்கு ஐந்து நிமிடம் எக்ஸாஸ்ட் ஓடினால் போதும். அதற்காக சிலிண்டர் வாங்கி அறைக்குள் வாயு விடும் வேலை வீட்டில் கூடவே கூடாது, மூச்சுத் திணறி உயிர் போகும்.

4. 24 டிகிரியில் வையுங்கள். ஏசியைப் போட்டதும் அதுவாகவே 24இல்தான் தொடங்கும், 2020 முதல் விதி அப்படி. ‘ஸ்லீப்’ முறையை அணைத்துவிடுங்கள். அது நள்ளிரவில் சூட்டை மெல்ல ஏற்றும். நம் விளக்கு எரிவதும் அதே நேரம்.

5. குளிர்காற்று செடிமேல் நேராக விழக்கூடாது. காற்றுத் தகட்டைக் கூரைப் பக்கம் திருப்புங்கள்.

6. ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைக் கீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சுத்த நீர் என்ற பேச்சு உண்டு. காயிலில் படிந்த தூசியும் பாசியும் உலோகத் துகளும் அதோடு வரும்.

உருட்டிக்கொண்டு போகும் போர்ட்டபிள் ஏசியில் ஒரே குழாய் உள்ள வகையை வாங்காதீர்கள். அது அறைக்காற்றையே இழுத்துச் சூடாக்கி வெளியே தள்ளும். அதன் இடத்தை நிரப்ப வெளிச்சூடு எல்லா இடுக்கிலும் நுழையும்.

ரேக்குக்குப் பதில் துணிக் கூடாரம் வைத்திருப்பவர்களுக்கு எளிய வழி உண்டு. ஏற்கெனவே ஏசி உள்ள அறையில் கூடாரத்தை வையுங்கள். கூடாரத்தின் எக்ஸாஸ்ட் அந்த அறைக்குள்ளேயே விடட்டும். சூட்டை ஏசி பார்த்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் போதுமான வேகத்தில் ஓடினால் கூடாரத்தின் துணி லேசாக உள்வாங்கியிருக்கும். புடைத்துக்கொண்டிருந்தால் காற்று தலைகீழாகப் போகிறது.

தண்ணீர்த் தொட்டியை மறக்காதீர்கள்

இலைக்கு 24 டிகிரி கொடுத்துவிட்டு வேரை 31 டிகிரித் தண்ணீரில் வைத்திருப்பார்கள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வேர் பழுப்பாகி, வழவழத்து, சாக்கடை நாற்றம் அடித்தால் அழுகல் வந்துவிட்டது. தொட்டி 25 டிகிரியைத் தாண்டாமல் இருக்கட்டும். தரை ஓட்டின்மேல் நேராக வைப்பது, தெர்மாகோல் சுற்றுவது, விளக்கு படாமல் மூடுவது ஆகிய மூன்றும் பெரும்பாலும் போதும். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துப் போடுவது ஓரிரு நாள் அவசரத்துக்குச் சரி, தினசரி முறையாகாது.

மின்சாரம்: தண்ணீரும் கரண்டும் ஒரே அறையில்

1. மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் தொடங்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் அளவு. வீட்டில் எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. ஏசிக்குத் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயர்.

3. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். தொட்டியின் மட்டத்துக்கு மேலே, சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும். வயர் வழியே வடியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

4. ஃபேன் நின்றும் விளக்கு எரிந்தால் அதுதான் ஆபத்து. 35 டிகிரியைத் தொட்டதும் விளக்கின் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று பொருத்துங்கள். டைமர், தெர்மோஸ்டாட் இரண்டும் விளக்கின் மொத்த ஆம்பியரைத் தாராளமாகத் தாங்குபவையாக இருக்க வேண்டும்.

5. கரண்ட் போனால் எக்ஸாஸ்ட்டும் சின்ன ஃபேன்களும் மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடட்டும். விளக்கு வேண்டாம். சில மணி நேர இருட்டு செடியை ஒன்றும் செய்யாது.

6. விளக்குக்கு மேலே அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், துணி எதுவும் வைக்காதீர்கள். ஸ்டோர் ரூம் என்பதால் இந்தப் பழக்கம் தானாக வரும். அறைக்கு வெளியே ஒரு புகை அலாரம் இருக்கட்டும்.

7. அறைக்குள் கொசுவர்த்தியோ திரவக் கொசுவிரட்டியோ வேண்டாம். சாப்பிடும் இலைமேல் படியும்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மேல்தட்டு வாடுகிறது, கீழ்த்தட்டு நன்றாக இருக்கிறது: ஃபேன் தாழ்வாக இருக்கிறது, அல்லது கூரையடியில் காற்று நகரவில்லை.

எல்லாத் தட்டும் விளக்கு எரியத் தொடங்கிய இரண்டு மணி நேரத்தில் வாடுகிறது: ஃபேன் போதவில்லை. வாட் கணக்கை மறுபடி போடுங்கள், அதற்கு முன் கொசுவலையைத் தட்டிப் பாருங்கள்.

இலை நுனி மேல்நோக்கிச் சுருள்கிறது, காற்று 25 டிகிரிதான்: விளக்கு மிக அருகில் இருக்கிறது. நான்கு அங்குலம் உயர்த்துங்கள்.

மைக்ரோகிரீன்ஸ் தண்டு தரையோடு அழுகிச் சாய்கிறது: ஈரம் அதிகம், காற்றசைவு இல்லை. அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், காப்பாற்ற முயலாதீர்கள்.

சுவரில் கருந்திட்டு: செடியைவிட முதலில் உங்கள் நுரையீரலுக்குக் கெடுதி. அறையைக் காலி செய்து, முகக்கவசம் போட்டுத் துடைத்து, சுவர் முழுக்கக் காய்ந்த பிறகு ரேக்கை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

எல்லாம் முன்புபோலவே இருக்கிறது, ஆனால் அறை மட்டும் இரண்டு டிகிரி ஏறிவிட்டது: தூசி. கொசுவலையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். ஃபேன் இறக்கையையும் விளக்கின் முதுகில் உள்ள அலுமினிய மடிப்புகளையும் மாதம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.